முந்நூற்று நாற்பதாவது சென்டிமீட்டர்

இன்னும் எழுபது நிமிடம். ஓவனின் முகப்பில் சிவப்பு எண்கள் நாற்பது டிகிரி என்கின்றன, அதற்கு மேல் போனால் மண்ணிலிருக்கும் பைரைட் என்ற பொன்நிறத் தாது கெட்டுவிடும், அதனால் நாற்பதிலேயே வைத்துவிட்டு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார வேண்டிய அவசியம் இல்லை, மண் தானாகக் காயும். உள்ளே ஒரு கண்ணாடித் தட்டில் இரண்டு ஸ்பூன் அளவுக்கு இருக்கிறது, காலையில் வெட்டி, சல்லடையில் கழுவி மிஞ்சியது. கடலடியில் குழாயைக் குத்தி எடுத்த ஐந்து மீட்டர் மண்தூண், கோர் என்போம், அதில் மேலிருந்து முந்நூற்று நாற்பதாவது சென்டிமீட்டர். கோரை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. மறு பாதியைப் பிளாஸ்டிக் சுற்றிக் குளிர் அறையில் வைத்துவிடுவார்கள், அதை யாரும் தொடக் கூடாது, தொட்டால் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் தொட்டேன். பதிவேட்டில் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் இன்று நான் வெட்டியது என்று ஒன்று இல்லவே இல்லை, இதை ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை, ஆனால் நினைத்தேன். மணி இரண்டு இருபது. ஐந்து மணிக்குச் சார் கட்டுரையை அனுப்பிவிடுவார். முதல் பெயர் என்னுடையது.

"கடைசியா ஒரு தடவை படிச்சிடும்மா, கமா கிமா இருக்கான்னு பாரு, அஞ்சு மணிக்குத் தள்ளிடலாம்" என்று ஞானசிகாமணி சார் காலையில் சொன்னார். சார் என் கைடு. நான் கமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில், மாதிரிகள் காற்றுப் புகாமல் மூடப்பட்டு நான்கு டிகிரியில் வைக்கப்பட்டன என்ற வரியில் கண் நின்றுவிட்டது. கமா சரியாக இருந்தது. வரிதான் பொய். பொய் என்று தெரிந்து எழுதவில்லை, இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஆனால் அந்த வரியை நான் எழுதவே இல்லை. எங்கள் ஆய்வகத்தில் செய்முறைப் பத்தியை யாரும் எழுதுவதில்லை. எனக்கு முன்னால் இங்கே படித்த பிரின்ஸ் அண்ணன் ஆய்வேட்டிலிருந்து எனக்கு வந்தது, அவருக்கு அவருடைய சீனியரிடமிருந்து வந்தது. கோரின் எண்ணை மாற்றுவோம், ஆழத்தை மாற்றுவோம், மற்றது அப்படியே இருக்கும். முதல் வருஷமே அவர் கொடுத்தார், "இத வச்சிக்கோ, இதுல நீ மூளைய செலவழிக்காத" என்றார். அன்பாகத்தான் கொடுத்தார். மூன்று வருஷத்தில் அந்தப் பத்தியை எத்தனை முறை ஒட்டியிருப்பேன், இன்று காலைதான் முதல்முறையாகப் படித்தேன். படித்ததும் பைகள் கண்ணுக்கு வந்தன. பதினெட்டு பைகள், வாய் திறந்து, மேசைக்கு அடியில் அலமாரித் தட்டில்.

ஆராய்ச்சிப் பாதியிலிருந்து வெட்டிப் பையில் போட்ட மண், போன ஜூனில் எடை போடுவதற்காகக் குளிர் அறையிலிருந்து எடுத்து வந்தேன். பையின் உட்புறம் நீர் பூத்திருந்தது, எடை தப்பாக வரும், கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று எல்லாப் பையின் வாயையும் திறந்து வரிசையாக வைத்தேன். பதினொன்று பத்துக்கு அம்மா போன். தூத்துக்குடியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அடுக்கு சரிந்து அப்பாவின் காலில் விழுந்துவிட்டது. தட்டை அப்படியே அலமாரிக்குள் தள்ளினேன், தூசி விழக் கூடாது என்று, அந்த நேரத்திலும் தூசியைப் பற்றி நினைத்திருக்கிறேன், வாயை மூட வேண்டும் என்று நினைக்கவில்லை. இருபத்து மூன்று நாள் ஊரில் இருந்தேன். மறந்துவிட்டது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், அது முழுசாக உண்மை இல்லை. பதினோராவது நாள் நினைவு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கீழே உட்கார்ந்து அம்மாவும் நானும் ஒரே டப்பாவிலிருந்து இட்லி தின்றுகொண்டிருந்தோம், சட்னியில் தண்ணீர் பிரிந்து ஓரத்தில் நின்றது, அதைப் பார்த்ததும் பைகள் என்று தோன்றியது. பானுவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பக்கத்து மேசைதான் அவள். குனிந்து பதினெட்டு பையையும் மூடிவிட்டு, ஏன்டி இப்படி என்று சிரித்திருப்பாள். கையில் போன் இருந்தது. அப்பா காலில் கம்பி போட்டுக் கிடக்கிறார், நான் மண்ணைப் பற்றிப் பேசினால் அம்மா என்ன நினைப்பாள் என்று போனை மடியில் வைத்தேன். அது மட்டும்தானா. பானுவிடம் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டுமே என்பதும் இருந்தது. எவ்வளவு இருந்தது, பாதியா, பாதிக்கு மேலா. அளந்து பார்க்க இப்போது முடியாது. இட்லியைத் தின்று முடித்துக் கை கழுவினேன், பைகளும் போய்விட்டன.

"என்ன மாரி, ஓவன் முன்னாடி தவம் இருக்கே, வரம் எதுனா குடுத்துச்சா?" பானு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். என் பெயர் சந்தனமாரி, இவள் பின்பாதியைக் கூப்பிடுவாள், சார் முன்பாதியைக் கூப்பிடுவார், முழுசாகக் கூப்பிட இந்த ஊரில் ஆள் இல்லை. "சும்மாதான், காயுது" என்கிறேன். "இன்னும் என்னடி காய வைக்கிற, அதான் பேப்பர் போவுதே இன்னிக்கி. ஃபர்ஸ்ட் ஆத்தரம்மா, ட்ரீட் எப்போ? கேன்டீன் சமோசால முடிச்சிடலாம்னு பாக்காத, பிரியாணி. மட்டன்." சிரிக்கிறேன். சிரிப்பு சரியாக வந்ததா என்று அவள் முகத்தில் பார்க்கிறேன், வந்திருக்கிறது போல, அவள் கை காட்டிவிட்டுப் போகிறாள். கூப்பிடலாமா. பானு, ஒரு நிமிஷம். அவள் அப்பா கல்லூரி ஆசிரியர், அண்ணன் ஏதோ வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறான், இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்திருக்கும். என் கோப்பில் ஒரு சான்றிதழ் இருக்கிறது, தாசில்தார் அலுவலகத்தில் மூன்று நாள் நின்று வாங்கியது, குடும்பத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று. கட்டணச் சலுகைக்காக வாங்கினோம். அதற்கு இன்னொரு அர்த்தம் இன்றுதான் புரிகிறது, இந்த மாதிரித் தப்பை எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை, செய்துவிட்டு எப்படிச் சொன்னார்கள் என்று கேட்க ஆள் இல்லை. வெளியே மாடிப்படியில் பானுவின் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்துவிட்டது. இனி ஆய்வகத்தில் நானும் ஓவனின் விசிறிச் சத்தமும்தான்.

என்ன ஆகியிருக்கும் என்று ஒழுங்காக யோசிக்க வேண்டும், பயத்தோடு யோசித்தால் எல்லாம் குழம்புகிறது. கடலடிக்குக் கீழே ஆழத்திலிருந்து மீத்தேன் கசிந்து மேலே வருகிறது. மேலே கடல்நீரிலிருந்து சல்பேட் மண்ணுக்குள் இறங்குகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இரண்டையும் தின்று சல்பைடை விடுகின்றன, அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிறது, பொன் நிறத்தில் குட்டிக் குட்டிக் குழாய்களாக. கசிவு அதிகமாக இருந்தால் சந்திப்பு மேலே நடக்கும், குறைந்தால் கீழே போகும். வாயு எப்போதோ போய்விட்டாலும் பைரைட் இருந்த இடத்திலேயே இருக்கும், அதை எண்ணினால் முன்னொரு காலத்தில் எங்கே, எவ்வளவு கசிந்தது என்று சொல்லலாம். இதெல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே சொன்னதுதான். எங்கள் கட்டுரையில் புதுசு ஜிப்சம். அதே ஆழத்தில், பைரைட்டின் மேலேயே, ஊசி ஊசியாக, பூ மாதிரி ஒட்டிக்கொண்டு. மீத்தேன் ஓங்கியபோது பைரைட் வந்தது, அடங்கியபோது பைரைட் சிதைந்து ஜிப்சம் வந்தது, ஆக இந்த இடத்தில் கசிவு ஏறி இறங்கியிருக்கிறது என்பது சாரின் வாதம். அழகான வாதம். முதல்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த அன்று சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், "அட, மல்லிகைப்பூ மாதிரி இருக்கும்மா, மல்லிகைப்பூ" என்றார், அறுபதை நெருங்குகிற மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் பைரைட் சிதையக் கடலடியே தேவையில்லை. காற்று போதும். ஈர மண்ணைத் திறந்து வைத்தால் காற்றில் பைரைட் சிதையும், மண்ணிலிருக்கும் சிப்பித் துகள் கரையும், நீர் வற்ற வற்ற ஜிப்சம் பூக்கும். மேசைக்கு அடியில். இருபத்து மூன்று நாளில். ஆயிரக்கணக்கான ஆண்டுக் கதை என்று நாங்கள் எழுதியது என் அலமாரியின் ஜூன் மாதக் கதையாக இருக்கலாம். இருக்கலாம்தான். இன்னும் தெரியாது. அதற்குத்தானே திறக்காத பாதியிலிருந்து வெட்டிக் காய வைத்திருக்கிறேன், அதே ஆழம், அதே சல்லடை, அதே நாற்பது டிகிரி. இதிலும் ஜிப்சம் இருந்தால் சார் சொல்வது சரி, ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். இருக்கட்டும். தயவுசெய்து இருக்கட்டும்.

ஊரிலிருந்து திரும்பி வந்து பைகளைப் பார்த்தபோது மண் கட்டிகட்டியாக இறுகி மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு உப்புதானே என்று வாயை மூடிக் குளிர் அறையில் கொண்டு வைத்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் மகள் நான். பள்ளிக்கூடம் விட்டால் பாத்தி வரப்பில்தான் உட்கார்ந்திருப்பேன். உப்பு இறங்குவதற்கு முன்னால் பாத்தியின் தரையில் கரகரவென்று ஒன்று படியும், காலை வைத்தால் குத்தும், அதற்குப் பெயர் ஜிப்சம் என்று எனக்குப் படிப்பதற்கு முன்பே தெரியும். வற்றுகிற தண்ணீர் என்ன செய்யும் என்று இந்தக் கட்டிடத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பானுவுக்குத் தோன்றாமல் போனால் அது தெரியாமை. எனக்குத் தோன்றாமல் போனது என்ன. படிக்க வந்த பிறகு அந்த அளம், அந்தக் கரகரப்பு எல்லாம் வேறு ஒருத்தியுடையது என்று வைத்துவிட்டேனோ. இல்லை, இது பெரிய பேச்சு. அன்று களைப்பாக இருந்தது, இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் களைப்பு ஒரு நாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிரஷ் நுனியில் எடுத்து எண்ணியிருக்கிறேனே, முந்நூற்று நாற்பதில் மட்டும் தொண்ணூற்றேழு. ஒரு நாளாவது தோன்றியிருக்காதா. தோன்றி, அதைத் தள்ளிவிட்டுத் தொண்ணூற்றெட்டைத் தேடினேனா.

போன் அதிர்கிறது. அம்மா. "ஏட்டி, சாப்ட்டியா?" "சாப்ட்டேம்மா." "என்ன கொழம்பு?" "சாம்பார்." "பொய் சொல்லாத, ஒன் கொரலு சாப்ட்ட கொரலாவே இல்ல." சாப்பிடவில்லைதான். "அப்பாக்கு எப்பிடி இருக்கு?" "நேத்து கம்ப ஊணிக்கிட்டு தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வந்துட்டாவ. நடக்கப் போனேன்னு சொல்லுதாவ, டீக்கடைக்குத்தான் போயிருக்காவ, வாயில வடை மணக்குது." பின்னாலிருந்து அப்பாவின் குரல் எதையோ மறுக்கிறது. "எதுத்த வீட்டு ரெபேக்கா கேக்கா, ஒம்மவ கடல்ல கேசு கண்டுபிடிச்சிட்டான்னா நமக்கு சிலிண்டர் வெல கொறையுமான்னு." "அம்மா, அது அந்தக் கேஸ் இல்ல." "பின்ன எந்தக் கேசு?" "மண்ணுக்குள்ளருந்து வர்ற கேஸ்." "மண்ணுக்குள்ளயும் கேசா? அவளுக்கு வயித்துக்குள்ள இருக்கதே போதும், நாஞ் சொல்லிருதேன்." சிரித்துவிட்டேன், இந்த முறை நிஜமாக. அந்தச் சிரிப்பின் வால் ஒரு மாதிரி உடைந்தது போல, அம்மா சட்டென்று நிறுத்துகிறாள். "என்னட்டி?" இப்போது சொல்லலாம். அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன். அவள் முதலில் யாராவது திட்டினார்களா என்று கேட்பாள், அடுத்து ஊருக்கு வந்துரு என்பாள், இரண்டுக்கும் நான் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பேன். அப்பாவின் காலுக்காக வந்த நாட்களில் நடந்தது என்று தெரிந்தால் அந்தக் கால் இன்னும் கனக்கும் அவர்களுக்கு. "ஒண்ணும் இல்லம்மா, வேல இருக்கு." "சரி, சாப்பிடு மொதல்ல." வைத்துவிட்டாள்.

மூன்று முப்பது. தட்டைக் கையுறையோடு எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக் கண்ணைப் பதிக்கிறேன். முதலில் சிப்பிகள், உருண்டை, சுருள், வெள்ளை வெள்ளையாக, கடலில் வாழ்ந்து இறங்கிய சிறு ஓடுகள். அவற்றுக்கு நடுவே பைரைட். எவ்வளவு பளபளப்பு. நான் ஐந்து மாதம் பார்த்த பைரைட் மங்கி, ஓரம் துருப்பிடித்து இருந்தது, அதுதான் அதன் நிறம் என்று நினைத்திருந்தேன். இது இப்போதுதான் தேய்த்து வைத்த குத்துவிளக்குபோல் இருக்கிறது. இந்தப் பளபளப்பே பதில் சொல்லிவிட்டது. நான்தான் கேட்காததுபோல் தட்டைக் கட்டம் கட்டமாக நகர்த்துகிறேன், முறைப்படி, இடமிருந்து வலம். முதல் வரிசையில் ஜிப்சம் இல்லை. இரண்டாவதில் இல்லை. நான்காவது வரிசையின் மூலையில் கண்ணாடிபோல் ஒன்று மின்னுகிறது, நீளம், ஒளி ஊடுருவுகிறது, இதுதான், இது ஒன்று போதும், ஒன்று இருந்தால் கடலடியிலேயே இருந்தது என்று சொல்லலாம். ஊசி முனையால் கீறிப் பார்க்கிறேன். ஜிப்சம் மென்மையானது, கீறினால் கோடு விழும். விழவில்லை. இன்னொரு முறை அழுத்திக் கீறுகிறேன். ஊசிதான் வழுக்குகிறது. குவார்ட்ஸ், ஆற்று மணல். இன்னொரு முறை கீறுகிறேன், மூன்றாவது முறை கீறினால் அது மாறிவிடப் போவதில்லை, ஆனாலும் கீறுகிறேன். பிறகு மிச்சமிருக்கிற வரிசைகளையும் முடிக்கிறேன், தட்டைக் குலுக்கி, திரும்ப முதலிலிருந்து. மணி நான்கு முப்பத்தைந்து. பைரைட் இருநூற்றுப் பதினொன்று. ஜிப்சம் பூஜ்ஜியம்.

ஒரே ஒரு துண்டுதானே, ஒரு துண்டை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, இன்னும் பத்து வெட்டிப் பார்க்க வேண்டும், அதுவரை கட்டுரை போகட்டும், தேவைப்பட்டால் பிறகு திருத்தம் போட்டுக்கொள்ளலாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள். இந்தக் குரல் முட்டாள்தனமாக இல்லை, நிதானமாக, படித்தவர் பேசுவதுபோல் பேசுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் என் ஆராய்ச்சியை நீட்டிப்பதா என்று குழு கூடுகிறது, கையில் ஒரு கட்டுரையும் இல்லாமல் போனால் நீட்டிப்பார்கள் என்று சார்கூடச் சொன்னதில்லை. பைரைட் மட்டும் வைத்து ஒரு சின்னக் கட்டுரை வரும், வராமலும் போகலாம். தட்டைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்தால் மூன்று விநாடி. குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. அதைச் செய்யாததற்கு நேர்மை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை, நாளைக்கும் நாளன்றைக்கும் இந்தப் பளபளப்பைப் பார்த்த கண்ணோடு தொண்ணூற்றேழு என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்குமே, அதைத் தாங்க முடியாது என்றுதான் தோன்றியது. பதிவேட்டை எடுத்துத் தேதி, ஆழம், எடை, வெட்டியவர் பெயர் எல்லாம் எழுதினேன். என் கையெழுத்து கோணலாக இருந்தது. பெயரை முழுசாக எழுதினேன்.

சாரின் அறை வராந்தாவின் கடைசியில். கணினித் திரையில் எங்கள் கட்டுரையின் முதல் பக்கம், சாரின் கை மவுஸில். "வா சந்தனா, கமா எல்லாம் பாத்தாச்சா? நல்ல நேரத்துக்கு வந்தே, நீயே பட்டனை அமுக்கு, உன் முதல் பேப்பர்." வாசலிலேயே நின்றேன், வரும் வழியில் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் இல்லை. "சார், ஜிப்சம் நம்ம பையில வந்தது சார்" என்றேன், அவ்வளவுதான் வந்தது, பிறகு பின்னாலிருந்து முன்னால் சொன்னேன், பூஜ்ஜியம், திறக்காத பாதி, திறந்த பைகள், ஜூன், அந்த வரி. அப்பாவின் காலைச் சொல்லவில்லை, சொன்னால் அதை மன்னிப்புக்காகச் சொன்னதுபோல் ஆகிவிடும். சார் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேட்டைப் பிசைந்தார். மல்லிகைப்பூ என்று சிரித்த முகத்தை நினைத்துக்கொண்டேன், அதை நான்தான் கொடுத்தேன், நான்தான் எடுக்கிறேன். பிறகு என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டார். "இது வேற யாருக்காவது தெரியுமா?" கோபமே இல்லை குரலில், களைப்புதான் இருந்தது, இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டிருக்கலாம். மூன்று வருஷத்தில் முதல்முறையாக இன்னொருவர் என் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது, அந்த நொடி எனக்கு அதுவும் வேண்டியிருந்தது.

"இப்ப உங்களுக்குத் தெரியும் சார்" என்றேன்.

சார் திரும்பிப் பார்த்தார். "கதவைச் சாத்திட்டு உள்ள வா" என்றார்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தவில்லை.